முதல் மழையில் சுருங்கிய கொரங்காடு

"இழுங்கண்ணா, இன்னும் கொஞ்சம் இழுங்க, டேப்பு தொங்குது பாருங்க" என்று ரத்தினாம்பாள் கத்தினாள். வேலியின் அந்தக் கோடியில் நின்ற தங்கமுத்து, இதற்குமேல் இழுத்தால் டேப் அறுந்து கையோடு வந்துவிடும் என்று பதிலுக்குக் கத்தினார். மூன்றாவது முறையாக அளந்துகொண்டிருந்தார்கள். முதல் முறை டேப் ஏதாவது புதர்மேல் ஏறி வளைந்து போயிருக்கும் என்று நினைத்தார்கள், இரண்டாம் முறை தங்கமுத்து எண்ணிக்கையில் பிசகிவிட்டார் என்று நினைத்தார்கள், மூன்றாம் முறை நினைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கொரங்காட்டின் கிழக்கு வேலி, நிலத்தை வாங்கிக் கல்வெட்டுத் திறந்த அன்று இருந்ததைவிடப் பதினோரு அடி குறைந்திருந்தது. அந்தப் பதினோரு அடியும் வேலிக்கு வெளியே, வேரோ கல்லோ எறும்புப் புற்றோ இல்லாமல், அப்போதுதான் சலித்துக் கொட்டியது போலச் சிவப்பாகக் கிடந்தது.

ரத்தினாம்பாள் குனிந்து அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, துணியைத் தடவிப் பார்ப்பதுபோலக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"சுருங்கிப்போச்சுங்கண்ணா."

தங்கமுத்து டேப்பைச் சுற்றிக்கொண்டே நடந்து வந்தார். "எத்தன பர்சன்ட்?" என்றார்.

பனியன் ஊரில் எது சுருங்கினாலும் முதலில் கேட்கப்படுகிற கேள்வி அதுதான், அதனால் அவர் கேட்டதில் ரத்தினாம்பாளுக்கு வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை. "நீளத்துல மூணு வரும். அகலம் இன்னும் பாக்கல" என்றாள்.

"சுருங்காம இருக்கக் காம்பாக்டிங் பண்ணாத சரக்குக்கு மூணு பரவால்ல அம்மணி" என்றார் தங்கமுத்து. "எங்க கம்பெனிக்குப் போன மாசம் எட்டு வந்துச்சு."

திருப்பூரை ஒட்டி, ஊர் வளர்ந்து வளர்ந்து காடுகளுக்குள் கால் நீட்டியிருந்த இடத்தில் இருந்தது அண்ணமார் நகர். அங்கே சுற்றிலும் எல்லாம் வீடாகிவிட்ட பிறகும் நடுவில் நாலு ஏக்கர் மட்டும் குழந்தைசாமியின் கொரங்காடாகவே இருந்தது. கொரங்காடு என்பது உழாமல் விதைக்காமல் மழையை நம்பி மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த நிலம். சுற்றிலும் கிளுவை முள்ளால் உயிர்வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், மரங்களுக்கு அடியில் கொழுக்கட்டைப் புல், புல்லின் நடுவில் மயிலை என்று பெயருள்ள ஒரு மாடு. வில்லா கட்டுகிறவர்கள் வந்து விலை பேசியபோது நகரே பதறிப்போனது, ஏனென்றால் சாயங்காலக் காற்று அந்த நாலு ஏக்கரிலிருந்துதான் வந்தது, துணி அந்தக் காற்றில்தான் காய்ந்தது, போர்வெல்லில் தண்ணீர் நின்றதும் அந்த நிலத்தால்தான் என்று எல்லோருமே சொன்னார்கள். நகர் நலச் சங்கத்தின் செயலாளர் ரத்தினாம்பாள் அதை ஓர் எக்ஸ்போர்ட் ஆர்டரைப்போல எடுத்துச் செய்தாள். கெடு வைத்தாள், வீடு வீடாக வசூலித்தாள், கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள், கொடுக்காதவர்கள் வீட்டில் கொடுக்கும்வரை காப்பி குடித்தாள், சொன்ன தேதிக்கு முந்தின நாளே சங்கத்தின் பேரில் கிரயம் முடித்துவிட்டாள். வில்லாக்காரர் சொன்னதைவிடக் குறைந்த விலைக்கே குழந்தைசாமி கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனைதான். மயிலை கடைசிவரை அங்கேயே மேய வேண்டும். "ஒரு சாண் எடம்கூட அதுக்குக் கொறையாதுங்க, நான் பொறுப்பு" என்று ரத்தினாம்பாள் பதிவு அலுவலக வாசலில், பத்துப் பேர் கேட்க, அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

வாசலில் கல்வெட்டு வைத்து, நாலு ஏக்கர் என்று பொறித்து, பாயசத்தோடு சாப்பாடு போட்டு, எல்லோரும் ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனபோது, அவள் இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு, "சரக்கு ஏத்தியாச்சு" என்றாள். பேக்கிங் யூனிட் நடத்துகிற அவளுடைய வேதம் அது ஒன்றுதான். கண்டெய்னர் கதவை மூடி சீல் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு நடப்பது கடலின் பாடு.

முதல் மழையில் நிலம் சுருங்கியது.

சுருங்கியதை யாரும் நேரில் பார்க்கவில்லை. மழை பெய்யும்போது சன்னலை மூடினார்கள், விட்டபிறகு திறந்தார்கள், திறந்தபோது வேலி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது, தங்கள் கொல்லை கொஞ்சம் நீண்டிருந்தது. அந்த இடத்துக்கு மிச்சம் என்று பெயர் வந்தது. யார் வைத்த பெயர் என்று தெரியவில்லை, ஆனால் இரண்டு நாளைக்குள் எல்லோரும், 'உங்களுக்கு எத்தன அடி மிச்சம் வந்துச்சு?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வடக்கு வீதிக்காரர்கள் மிச்சத்தில் கம்பி கட்டித் துணி உலர்த்தினார்கள், மேற்கில் அடுக்குமாடிக்காரர்கள் கோடு போட்டு ஷட்டில் விளையாடினார்கள், தெற்கில் ஒரு டீச்சரம்மா அவரைப் பந்தல் போட்டாள். எல்லோருமே நல்லவர்கள்தான்; எடுத்துக்கொள்ளவில்லை, சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் சொன்னார்கள். தங்கமுத்து தன் வீட்டுக்குப் பின்னால் வந்த பதினோரு அடியில் நாலு பைப் நட்டு, மேலே தகரம் வேய்ந்து, பதினைந்து வருஷமாக வெயிலிலும் மழையிலும் தெருவில் நின்ற தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் கூரைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

சர்வேயர் ஒருவர் வந்தார். முக்காலியில் கருவியை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு பட்டாவைப் பார்த்தார், பிறகு டீ குடித்தார். பட்டாவில் நாலு ஏக்கர் என்று இருப்பதால் நிலம் நாலு ஏக்கர்தான் என்றும், சுருங்கியிருப்பது அளவு மட்டுமே என்றும், அதற்கு மனு எழுத வழியில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி அடைமழையில் இன்னும் சுருங்கியது. கார்த்திகையில் அதைவிட. சுருங்கினாலும் உள்ளே இருந்தது எதுவும் சின்னதாகவில்லை என்பதுதான் சங்கடம். வெள்வேல மரங்கள் வெள்வேல மரங்களாகவே இருந்தன, ஒன்றையொன்று நெருங்கி, குரூப் போட்டோவுக்கு நிற்கிறவர்கள்போலத் தோளோடு தோள் உரசி நின்றன, குருவிகள் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் குடியிருப்பவர்களைப்போல விடிந்ததும் சண்டை போட்டன, புல் பாய் முடைந்ததுபோல நெருங்கிவிட்டது. சாயங்காலக் காற்று மூன்று வீட்டுக்கு மட்டும் வந்து, நாலாவது வீட்டு வாசலில் நின்றுவிட்டது. துணி காய இரண்டு நாளானது. தை பிறந்தபோது கொரங்காடு கல்யாண மண்டபத்துப் பந்திக்கூடம் அளவுக்கு வந்துவிட்டது. மயிலை, மரங்கள் போக வேலியோரம் மிஞ்சிய இடுக்கில், திரும்பினால் கொம்பு வேலியில் மாட்டும், படுத்தால் கால் வெளியே போகும் என்பதால், நின்றபடியே அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ரத்தினாம்பாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைசாமியைப் பார்க்கப் போனாள். நிலத்தைக் கொடுத்த கையோடு அவர் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் வீடு வாங்கிப் போயிருந்தார். அவரை வீட்டில் பிடிக்க முடியவில்லை, லிஃப்டில்தான் பிடித்தாள். வேலை எதுவும் இல்லாவிட்டாலும் காலையில் நாலைந்து முறை ஏறி இறங்குவது அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

"வாங்கம்மணி, எத்தனாவது மாடி?" என்று பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்களப் பாக்கத்தானுங்க வந்தேன். மயிலைக்கு எடம் பத்தல."

"கேள்விப்பட்டேன்" என்றார். "சித்திரச் சந்தையில குடுத்துரலாம்னு இருக்கறேன். நிக்கற எடத்துல மாட்டக் கட்டிப்போடலாம், நிக்கற எடத்துலயே மேய விட முடியுமா?"

"அப்பிடிச் சொல்லாதீங்க. நான் சத்தியம் பண்ணியிருக்கறேன்."

"நீங்க பண்ணுனது மாட்டுக்கு. மாடு கோவிச்சுக்காது."

லிஃப்ட் ஐந்தில் நின்று கதவு திறந்தது. இருவரும் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டு மறுபடி இறங்கியது.

"உங்ககிட்ட இருந்தப்ப இது ஏனுங்க சுருங்கல? அத்தன வருசம் மழ பேஞ்சுதே. என்னதான் பண்ணுவீங்க?"

குழந்தைசாமி மாடி எண்கள் மாறுவதைப் பார்த்தபடியே யோசித்தார். "நான் என்ன பண்ணுனேன்? காலையில போயி கொடயப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். அப்புறம் வந்து சாப்புடுவேன். காடு அதும்பாட்டுக்குக் கெடந்துச்சு. மத்ததெல்லாம் பாவாயிதான்." பாவாயி அவருடைய மனைவி, இறந்து ஒரு வருஷமாகிறது. "அவ என்ன பண்ணுனான்னு நான் கேட்டுக்கிட்டதில்ல. அவளும் சொல்லிக்கிட்டதில்ல. அவ போன பொறவு காட்டப் பாத்தாலே எனக்கு அசதியா இருந்துச்சு, என்னமோ தெரியல, அதுனாலதான் உங்ககிட்டக் குடுத்தது."

கீழே வந்ததும் ரத்தினாம்பாள் இறங்கிக்கொண்டாள். அவர் மறுபடி மேலே போனார்.

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அதனால் நேராகக் கொரங்காட்டுக்குப் போனாள். கல்வெட்டு மிச்சத்தின் நடுவில் தனியாக நின்றது, அதிலிருந்து வெகுதூரம் நடந்துதான் வேலிக்குப் போகவேண்டியிருந்தது. மயிலை அவளைப் பார்த்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவர்கள் கண்டக்டரைப் பார்க்கிற பார்வை. வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்து, அந்தச் சந்தில் ஏதோ கம்பெனியிலிருந்து பறந்து வந்த துணிக்கட்டுப் பாலித்தீன் சிக்கிப் படபடத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான் அவளுக்கு ஆகவில்லை. வேலை முடிந்த இடத்தில் கவர் கிடந்தால் அவளுடைய யூனிட்டில் யாரும் மதியச் சோறு சாப்பிட முடியாது. முள் கையைக் கிழிக்கக் கிழிக்க அதை இழுத்தெடுத்துச் சுருட்டினாள், அந்த இடைவெளியை அப்படியே விடவும் மனசு வரவில்லை, பக்கத்தில் ஒடிந்து தொங்கிய கிளுவைக் குச்சியை முறித்துச் சந்தில் ஊன்றி மண்ணை மிதித்தாள்.

நனைந்த போர்வையை இரண்டு பேர் பிடித்து உதறினால் கேட்குமே, அப்படி ஒரு சத்தம் கேட்டது. அவள் மிதித்துக்கொண்டிருந்த இடம் ஒரு சாண் விரிந்தது. மயிலை இத்தனை மாதத்துச் சலிப்பையும் சேர்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தது.

அதன்பிறகு ரத்தினாம்பாளை யார் பிடிக்க முடியும்? வாட்ஸப்பில் எழுதினாள், மைக் கட்டிய ஆட்டோவில் அறிவித்தாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேரைக் கொண்டுவந்து இறக்கினாள். ஆளுக்கு ஒரு டி-சர்ட் கொடுக்கப்பட்டது. ஏற்றுமதியில் திரும்பி வந்த சரக்கு என்பதால் முன்பக்கம் எந்த நாட்டிலோ இருக்கிற ஒரு கால்பந்துக் குழுவின் பெயர் இருந்தது, பின்பக்கம் 'கொரங்காடு நம் காடு' என்று புதிதாக அச்சடித்திருந்தார்கள். முந்நூறு பேரும் நாலு பக்கமும் நின்று குப்பை பொறுக்கினார்கள், சீமைக்கருவேலங்கன்றுகளைப் பிடுங்கினார்கள், கிளுவைக் குச்சி நட்டார்கள். பாதிப் பேர் தலைகீழாக நட்டார்கள். அச்சுத்துணியில் மேல் எது கீழ் எது என்று தூக்கத்தில்கூடச் சொல்லிவிடக்கூடிய கட்டிங் மாஸ்டர்கள்தான் அவர்கள். நிலம் சாண் சாணாக விரியவில்லை, கஜம் கஜமாக விரிந்தது, உதறுகிற சத்தம் காலை முழுவதும் ஓயாமல் கேட்டது, மரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகி நின்றன, குருவிகள் சண்டையை மறந்தன. மத்தியானத்துக்குள் பழைய எல்லையைத் தொட்டு, தாண்டி, ஷட்டில் கோட்டை மூடி, டீச்சரம்மாவின் அவரைப் பந்தலைச் சாய்த்து, தங்கமுத்துவின் ஷெட் பைப்பை வளைத்து, அவருடைய காரின் முன்பக்கத்தைக் கிளுவை முள்ளுக்குள் செருகிவிட்டுத்தான் நின்றது.

"நாலு ஏக்கரும் அரையும் வரும்" என்று அளந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். தக்காளி சாதம் பரிமாறப்பட்டது. ரத்தினாம்பாள் கைகளைத் தட்டிக்கொண்டு, "சரக்கு ஏத்தியாச்சு" என்றாள். புதுக் கல்வெட்டுக்கு அளவு கொடுத்தாள்.

மாசியில் காலந்தவறி ஒரு மழை பெய்தது. நிலம் முன்பு எவ்வளவு சுருங்கியதோ அதற்கும் கீழே போனது. காலையில் அவள் போனபோது, தங்கமுத்து தன் காரின் முன்பக்கத்தில் முள் கீறிய கோடுகளை விரலால் தடவிக்கொண்டு, மறுபடி வெறும் மிச்சமாகிவிட்ட சிவப்பு மண்ணின்மேல் நின்றுகொண்டிருந்தார். அவர் சந்தோஷப்படவில்லை என்பதைக் கவனித்தாள். அதுவே அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஸ்டென்டர் மிஷின்ல போட்டு இழுத்து அகலம் காட்டுன துணி அம்மணி" என்றார். "மொதத் தண்ணியிலயே, இழுத்ததுக்கும் சேத்துச் சுருங்கும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். வீட்டுக்கு வந்து புதுக் கல்வெட்டுக்காரருக்குப் போன் போட்டு வேலையை நிறுத்தச் சொன்னாள். அவள் கணவர் செல்லமுத்து பேப்பருக்குப் பின்னாலிருந்து, "இந்த ஆர்டருக்கு டெலிவரி டேட் என்ன?" என்று கேட்டார். கேலிக்குத்தான் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேக்கிங் வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் தேதியில்லாத ஆர்டர் எதையும் அவள் எடுத்ததில்லை.

பொதுக்குழு கூடியது. உளுந்து வடையும் தேங்காய்ச் சட்டினியும் உண்டு என்று அறிவித்திருந்ததால் கூட்டம் நன்றாகவே வந்தது, குழந்தைசாமிகூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தங்கமுத்து எழுந்து தன் யோசனையைச் சொன்னார். அவர் யாருக்கும் விரோதி இல்லை. சுருங்குகிறதைச் சுருங்க விட்டுவிடலாம், யாரும் விற்கவேண்டாம், யாரும் ஓட்டுப் போடவேண்டாம், யாருக்கும் பழி இல்லை, அதும்பாட்டுக்கு முடிந்துவிடும், மாட்டுக்காரரும் சந்தைக்குப் போகச் சம்மதித்துவிட்டார் என்றார். சிலர் தலையாட்டினார்கள். அவர் உட்கார்ந்தபோது நாற்காலி கிரீச்சிட்டது.

ரத்தினாம்பாள் எழுந்தாள். நீளமாகப் பேசுவாள் என்று எல்லோரும் வடையைக் கீழே வைத்தார்கள்.

"நாம எடத்துக்குக் காசு குடுத்தோம். பாவாயியக்காவுக்குக் குடுக்கல" என்றாள். "அந்தக்கா என்ன பண்ணுச்சுன்னு அவிய வீட்டுக்காரருக்கே தெரியல. உங்கள்ல யாராச்சும், எப்பவாச்சும், அந்தக்கா வேலியோரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னு பாத்திருந்தா சொல்லுங்க. மொதல்ல விலை தெரியட்டும். அப்புறம் வேணுமா வேண்டாமான்னு பேசலாம்."

முதலில் பால்காரர், ஆடி மாதம் விடியற்காலையில் அந்தம்மா கிளுவைக் குச்சிகளை வெட்டி நிழலில் சாத்தி வைத்து, பால் வடிந்து காய்ந்தபிறகுதான் நடுவதைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். டீச்சரம்மா, மழை விட்டதும் முதல் ஆளாகக் கையில் களைக்கொட்டோடு போய்ச் சீமைக்கருவேல முளையை விரல் நீளம் இருக்கும்போதே கிள்ளுவார் என்றாள். வடக்கு வீதியில் ஒருவர், பட்டாசு விடுகிற நாட்களில் குடத்தில் தண்ணீரோடு வேலியைச் சுற்றிக்கொண்டே இருப்பார், நான் பைத்தியம் என்று நினைத்தேன் என்றார். ஷட்டில் விளையாடுகிறவர்களில் ஒருவன், குப்பை கொட்ட வந்தபோது தன்னைக் கூப்பிட்டு வைத்து மோர் கொடுத்துக் குப்பையைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். ஆட்டுக்காரர்களோடு சண்டை போட்டதை இருவர் சொன்னார்கள். புல் விதை கட்டும் வரை பாதிக் காட்டைத் தனியே பிரித்து மாட்டை விடாமல் வைத்ததை ஒருத்தி சொன்னாள். தங்கமுத்துகூட எழுந்திருக்காமலே, "எங்கூட்டுப் பின்னால வேலி வெட்டறப்ப எல்லாம், முள்ளு எங்க கொல்லையில விழுந்துருச்சுங்கண்ணான்னு உள்ள வந்து ஒண்ணொண்ணாப் பொறுக்கீட்டுப் போகும்" என்றார்.

ஒவ்வொருவரும் பார்த்தது ஒரு கணம்தான். எல்லாக் கணங்களையும் சேர்த்தபோது வருஷத்தில் ஒரு நாள்கூட மிச்சமில்லாமல் போயிற்று.

குழந்தைசாமி வடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனையுமா பண்ணுனா?" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கொடயாச்சும் அவளுக்குப் புடிச்சிருப்பேன்" என்றார். சிலர் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வடையைத் தின்றார்.

"ரெண்டு ஆளுக்கு எந்நேரமும் வேலை இருக்குது" என்றாள் ரத்தினாம்பாள். "அதுபோக வீதிக்கு ஒரு வாரம் நாமளும் போகோணும். ஒரே நாள்ல முந்நூறு பேரு போனா இழுத்த துணிதான். தெனமும் ரெண்டு பேரு போனாத்தான் படியும்."

"எத்தன வருசத்துக்கு?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"எப்பவும்."

அந்த வார்த்தை கூடத்தில் நாற்காலி இல்லாத ஒறம்பரை விருந்தாளியைப்போல நின்றது. ஒருவருக்கும் அதை எங்கே உட்கார வைப்பதென்று தெரியவில்லை.

"எப்பவும்னா அதுக்குச் சம்பளம் ஆரு தர்றது? ஒவ்வொரு வருசமும் நீ வந்து எங்கூட்டுல காப்பி குடிப்பியா?" என்றார் தங்கமுத்து. கூட்டம் சிரித்தது.

அப்போதுதான் செல்லமுத்து, கூட்டங்களில் எப்போதும் பேசாத மனிதர், "கட்டிங் வேஸ்ட்" என்றார்.

துணியை வெட்டினால் துண்டு விழும். எந்தக் கம்பெனியிலும் அதை மூட்டை கட்டி எடைக்குப் போடுவார்கள். அந்தப் பணத்தைக் கல்லாவில் சேர்ப்பது வழக்கமில்லை. ஆயுத பூஜைக்குப் பொரிகடலை, டீ, சுற்றுலா என்று எப்படியோ போய்விடும். அண்ணமார் நகரில் சின்னதும் பெரியதுமாய்க் கம்பெனி வைத்திருக்காத வீதி கிடையாது. அதில் பாதியைக் கொரங்காட்டுக்கு விடுவது, வருவதில் ஒரு பங்கை மட்டும் செலவு செய்துவிட்டு மீதியை யாரும் கைவைக்க முடியாத வைப்பாகப் போட்டுக்கொண்டே வருவது, ஊரில் துணி வெட்டுகிறவரை வேஸ்ட் விழும், வெட்டுவது நின்றுபோனால் அன்றைக்கு அந்த வைப்பின் வட்டி பார்த்துக்கொள்ளும் என்று ரத்தினாம்பாள் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தாள். தன் கணவர் வாயிலிருந்து வந்த ஒற்றை வார்த்தைக்கு அவள் இத்தனை நீளம் சட்டை தைத்துவிட்டதை அவர் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் தங்கமுத்து. "அது விரிஞ்சுதுன்னா என்ர ஷெட்டு?"

இதுதான் கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும், துணி உலர்த்துகிறவர்களும் அவரைக்காரியும் ஷட்டில்காரர்களும் அவரைத்தான் பார்த்தார்கள், தங்களுக்காகவும் அவரே கேட்டுவிட்டதில் ஒரு நன்றி அந்தப் பார்வையில் இருந்தது.

"பதினஞ்சு வருசம் வெயில்ல நின்ன வண்டிங்கண்ணா, எனக்குத் தெரியும்" என்றாள் ரத்தினாம்பாள். "ஒரேடியா எடுக்கச் சொல்லல. இனிமே அது ஒரு சாண் ஒரு சாணாத்தான் வரும். நீங்களும் ஒரு சாண் ஒரு சாணாப் போங்க."

"எங்க போறது?"

"தெருவுக்குத்தான்."

"அப்ப பாக்கலாம்" என்றார் தங்கமுத்து. கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கைகளும் தூக்கப்பட்டன. அவர் கையும் மேலே இருந்தது; அதில் வடை இருந்ததால் சட்டினிக்காகத் தூக்கியதா, சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை, எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள், ஒரு புருஷனும் பெண்சாதியும். முதல் மாதம் நிலம் அசையவே இல்லை. ரத்தினாம்பாள் தினமும் போய் டேப்பைப் போட்டுப் பார்த்தாள், பார்த்தால் அதற்குப் பிடிக்காதோ என்று பிறகு போகாமல் இருந்தாள், போகாமல் இருக்க முடியாமல் மறுபடி போனாள். சித்திரைச் சந்தைக்கு முந்தின வாரம் குழந்தைசாமி ஒரு புதுக் கயிறோடு வந்து மயிலையின் பக்கத்தில் நின்றார். வேலியின் உள்பக்கம் உட்கார்ந்து அந்தப் பெண் முளை கிள்ளிக்கொண்டிருந்தாள், வெயில் அவள் முதுகில் விழுந்தது. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்து, அவளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டப் போங்க, வேலையாகுது என்று அவள் விரட்டினாள். அவர் போகவில்லை. சந்தை முடிந்த நாளன்று காலையில் மயிலை, மாதங்களுக்குப் பிறகு, நாலு காலையும் மடக்கிப் படுத்திருந்தது. எந்தக் காலும் வேலிக்கு வெளியே இல்லை.

ஆடியில் குச்சி வெட்டி நிழலில் சாத்தி வைத்து, பால் வடிந்தபிறகு நட்டார்கள். இந்த முறை அநேகமாக யாரும் தலைகீழாக நடவில்லை. ஒன்றிரண்டு பேர் நட்டார்கள், பக்கத்தில் நின்றவர்கள் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் சாண் சாணாக விரிந்து வேலி பழைய எல்லையை நெருங்கியிருந்தது. ஐப்பசி மழை வந்தது. எல்லோரும் சன்னலை மூடாமல், சாரல் முகத்தில் அடிக்க, வேலியைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சுருங்கவில்லை. அல்லது, ரத்தினாம்பாள் பிறகு அளந்து சொன்னபடி, அரை பர்சன்ட். அது துணி வாங்குகிற எந்த பையரும் ஒத்துக்கொள்கிற அளவு. சாயங்காலக் காற்று நாலாவது வீட்டு வாசல்படி ஏறி, ஐந்தாவது வீட்டுக்கும் போயிற்று. அவரைப் பந்தல் மாடிக்கு ஏறியது, துணிக்கம்பியும் ஏறியது, ஷட்டில் கோடு சின்னதாகி இருவர் மட்டும் ஆடும் ஆட்டமாகி, பிறகு கேரம்போர்டாகிச் சங்கக் கூடத்துக்குள் போனது. தங்கமுத்து தன் ஷெட்டின் நாலு பைப்புக்கும் அடியில், கம்பெனியில் துணி உருட்டுகிற டிராலியின் சக்கரங்களை வைத்துப் பற்றவைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் ஒரு காலை, ரத்தினாம்பாள் ஸ்கூட்டரை வேலியோரம் நிறுத்திவிட்டு, தூத்துக்குடிக்குக் கிளம்பவேண்டிய கண்டெய்னரைப்பற்றிப் போனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "ஏத்தியாச்சுன்னு சொல்லாதீங்க, போய்ச் சேந்துச்சான்னு சொல்லுங்க" என்று கத்தினாள். உள்ளே அந்தப் பெண் களைக்கொட்டோடு நகர்ந்துகொண்டிருந்தாள், குடை பின்னால் நகர்ந்தது, மயிலை அசைபோட்டது. ராத்திரி எப்போதோ நிலம் ஒரு சாண் விரிந்திருந்தது. கிளுவையின் புதுத் தளிர் தங்கமுத்துவின் காருடைய முன்விளக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தங்கமுத்து லுங்கியோடு, ஒரு கையில் காப்பி டம்ளரோடு பின்வாசலைத் திறந்துகொண்டு வந்தார். டம்ளரை மதிலில் வைத்தார். காரில் ஏறி, ஸ்டார்ட் செய்து, ஒரு சாண் பின்னால் எடுத்து, அணைத்துவிட்டு இறங்கினார். ஷெட்டின் பைப்பில் தோளைக் கொடுத்து அதையும் ஒரு சாண் தள்ளினார். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.